மாசியில் விற்காதவன்

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, மங்களம்கொம்பு, கே.சி.பட்டி என்று கொடைக்கானல் கீழ்மலை ஊர்களில் எங்கே போனாலும் மிளகுக்கென்று தனித் தோட்டம் பார்ப்பது அபூர்வம். காபிக்கு நிழல் தர நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். பலா, முள்முருங்கை, ஓரத்துக் காட்டுமரம் என்று எதில் பிடி கிடைத்தாலும் அது ஏறும். அடியில் காபி, நடுவில் வாழை, வேலியோரம் அவரையும் எலுமிச்சையும், சில தோட்டங்களில் பட்டர் ஃப்ரூட். இப்படிக் கலந்துகட்டிய மூன்று ஏக்கரில்தான் எங்கள் குடும்பம் பிழைத்து வருகிறது.

தோட்டக்கலை ஆட்கள் வந்தாலும், ஆய்வுக்கென்று கல்லூரிப் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தோடு வந்தாலும், “ஏக்கருக்கு எத்தனை கிலோ எடுக்கிறீங்க?” என்பதுதான் முதல் கேள்வி. இந்தக் கேள்விக்குச் சரியான பதில் என்னிடம் இருந்ததே இல்லை. ஒரு ஏக்கரில் எழுபது கொடி, அடுத்த ஏக்கரில் நாற்பது, அதிலும் பாதி காய்க்கும், பாதி நிழலில் இலையாகவே நிற்கும். நான் கணக்கு வைத்திருப்பது வேறு இரண்டு விஷயங்களுக்கு. ஒரு கிலோ காய்ந்த மிளகு என் சாக்குக்குள் வந்துசேரக் கூலி என்ன ஆயிற்று? அந்தக் கிலோவை எந்த மாதம் விற்றேன்? சிறு விவசாயி மிளகில் நிமிர்வதும் குனிவதும் இந்த இரண்டில்தான் என்று இத்தனை வருஷம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

என் தாத்தா காலத்தில் இந்த மலைக்குப் பணம் கொண்டுவந்தது கமலா ஆரஞ்சும் விருப்பாச்சி வாழையும். ஆரஞ்சு மரங்கள் நோயில் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. வாழையை முடிக்கொத்து நோய் பிடித்தது. அப்புறம் காபியே கதி என்று ஆயிற்று. 2000-ஐ ஒட்டிக் காபி விலையும் உலகம் முழுக்க விழுந்தபோதுதான், அதுவரை வீட்டு ரசத்துக்கும் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தனுப்பவும் என்றிருந்த மிளகை எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். 1999-இல் மிளகு கிலோ 200 ரூபாயைத் தாண்டியிருந்தது. மலை முழுக்கக் கொடி நட்டார்கள். மிளகு நட்டால் மூன்றாம் நான்காம் வருஷம்தான் காய் காட்டும், ஏழெட்டு வருஷத்தில்தான் முழு மகசூலுக்கு வரும். அந்தக் கொடிகள் காய்த்தபோது வியட்நாம் மிளகு உலகச் சந்தையை நிரப்பியிருந்தது. விலை 70, 80 ரூபாய். விலை ஏறும்போது நடுபவன் விலை இறங்கும்போது பறிக்கிறான் என்பது அன்றைக்குப் படித்த பாடம்.

அந்த இறக்கத்தில் பலர் கொடியை அப்படியே விட்டுவிட்டார்கள். நாங்களும் உரம் போடவில்லை, மருந்தடிக்கவில்லை. ஆனால் அந்த வருஷங்களில்தான் நான் கொடிகளை உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். கவனிப்பே இல்லாமல் விட்டும் சில கொடிகள் சரம் சரமாகக் காய்த்தன. பக்கத்து மரத்துக் கொடி வெறுமனே நின்றது. எது காய்க்கும் எது காய்க்காது என்று என்னைவிடப் பறிக்க வரும் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். “இந்த மரத்துல ஒரு மடிக்கு மேல தேறாதுண்ணே, வருஷா வருஷம் இதே கதைதான்” என்று ஒரு அக்கா சொன்னதிலிருந்து, பறிப்பு நடக்கும்போதே நல்ல கொடி ஏறிய மரத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுவேன். மூன்று வருஷம் தொடர்ந்து கோடு வாங்கிய கொடியிலிருந்து மட்டும்தான் நாற்றுக்கு ஓடுகொடி எடுப்பது. அடியிலிருந்து கிளம்பும் ஓடுகொடி மண்ணில் வேர் விடாதபடி ஒரு குச்சியில் சுற்றி வைத்து, மாசி பங்குனியில் வெட்டி, இரண்டு மூன்று கணுவுள்ள துண்டுகளாகப் பையில் ஊன்றினால் மழைக்கு நாற்று தயார். காய்க்காத கொடியை அறுத்துவிட்டு அதே மரத்தில் புது நாற்றை ஏற்றினேன். நிலம் கூடவில்லை, மரம் கூடவில்லை, மிளகு கூடியது.

ரகத்திலும் இதே கணக்குத்தான். கேரளத்தில் தளிப்பறம்பு பக்கத்திலுள்ள பன்னியூர் ஆராய்ச்சி நிலையம் தந்த பன்னியூர்-1 பெயர் பெற்ற கலப்பினம். உதிரங்கொட்டா, செறியகாணியக்காடன் என்ற இரண்டு நாட்டு ரகங்களைச் சேர்த்து உருவாக்கியது. நீளச் சரம், பெரிய மணி. ஆனால் அதற்கு வெளிச்சம் வேண்டும். அடர்ந்த நிழலுள்ள காபித் தோட்டத்தின் நடுவில் அதை ஏற்றிவிட்டு, காய்க்கவில்லை என்று சொல்லிப் பயனில்லை. அந்த இடத்துக்குக் கரிமுண்டாதான் சரி. மணி சிறுத்தாலும் நிழலில் காய்க்கும். எங்கள் தோட்டத்தில் சாலையோரமும் பாறைச் சரிவும் பன்னியூருக்கு. உள்ளே ஓடைப் பக்கம் கரிமுண்டாவுக்கு. சித்திரை வைகாசியில் சில்வர் ஓக் கிளைகளைக் கழித்து வெளிச்சம் விட்டால், ஆனி ஆடிச் சாரலில் சரம் விடும். நிழல் கழிக்காமல் விட்ட வருஷம் கொடி பார்க்கப் பச்சைப்பசேலென்று இருக்கும். பறிக்க ஒன்றும் இருக்காது.

இனி உயரத்துக்கு வருகிறேன். சில்வர் ஓக் நேராக மேலே போகும் மரம். கொடியும் கூடவே போகும். முப்பது, நாற்பது அடியில் சரம் தொங்கும். அதைப் பறிக்க ஒற்றை மூங்கில் ஏணி வேண்டும். கணுவுக்குக் கணு கிளையைச் சாண் நீளம் விட்டு நறுக்கிய முழு மூங்கில் அது. அதை மரத்தோடு சாய்த்துக் கட்டி, இடுப்பில் சாக்கு கட்டிக்கொண்டு ஏறுகிறவர்கள் ஊரில் ஒரு காலத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். ஏணி வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தவர்களும் உண்டு. இன்றைக்கு அவர்கள் பிள்ளைகள் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிறார்கள். போனதைக் குறை சொல்ல மாட்டேன். ஏறத் தெரிந்த சிலருக்காக மலை முழுக்கக் காத்திருக்கிறது. அவர்கள் வரும் நாளில்தான் பறிப்பு. காய் பழுத்தாலும் சரி, பழுக்காவிட்டாலும் சரி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏணி ஏறும் ஆளுக்கு 900 ரூபாய், கீழே பொறுக்கவும் உதிர்க்கவும் ஒரு பெண்ணாளுக்கு 400 என்று வைத்துக்கொள்வோம். நாற்பது அடிக் கொடியென்றால் ஏணியை நகர்த்திக் கட்டுவதிலேயே பாதி நாள் போய்விடும். இருபது கிலோ பச்சை மிளகு இறங்கினால் அதிகம். நூறு கிலோ பச்சைக்கு முப்பத்துமூன்று கிலோ காயும் என்ற வீதத்தில் அது ஆறரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. கிலோவுக்குப் பறிகூலி மட்டும் ஏறத்தாழ 200 ரூபாய். இருபது அடியில் நிறுத்திய கொடியில் அதே இரண்டு பேர் முப்பத்தைந்து கிலோ இறக்குவார்கள். கூலி கிலோவுக்கு 115-க்குள் அடங்கும்.

உயரத்தைக் குறைத்தால் மகசூலும் குறையும், அதில் ஒளிவுமறைவு இல்லை. நாற்பது அடிக் கொடி ஒன்றரைக் கிலோ தந்தால் இருபது அடிக் கொடி ஒரு கிலோ தரும் என்று வைத்துக்கொள்வோம். 200 கொடிக்கு அங்கே 300 கிலோ, இங்கே 200 கிலோ. ஏக்கர் கணக்குப் பார்க்கிறவர் நாற்பது அடிக்குத்தான் மார்க் போடுவார். இனிமேல்தான் விவசாயியின் கணக்கு. 300 கிலோவைப் பறிக்கக் கூலி 60,000 ரூபாய். 2020 தொடக்கத்தில் இருந்ததுபோல விலை 300 என்றால், அந்தக் கூலியைக் கொடுக்கவே 200 கிலோவை விற்றாக வேண்டும். சாக்கில் மிஞ்சுவது 100 கிலோ. இருபது அடித் தோட்டத்துக்குக் கூலி 23,000. அதற்கு 77 கிலோ விற்றால் போதும். மிஞ்சுவது 123 கிலோ. குறைவாகக் காய்த்த தோட்டத்தில் அதிக மிளகு மிஞ்சுகிறது. விலை 650 என்றால் கதை மாறும். உயரக் கொடிதான் கூடுதலாகத் தரும். ஆனால் எங்களைப் போன்றவர்களைக் கவிழ்ப்பது நல்ல வருஷம் இல்லை, கெட்ட வருஷம். அதைத் தாங்குகிற மாதிரிதான் தோட்டத்தை அமைக்க வேண்டும். அதனால் தலைக்கொழுந்து இருபது அடியைத் தொட்டதும் கிள்ளிவிடுகிறேன். பக்கக் கிளை அடர்ந்து, அடியிலிருந்தே சரம் பிடிக்கிறது.

மருந்து விஷயத்தில் எனக்குத் தெரிந்த சிக்கனம், மழைக்கு முன்பே செலவழிப்பதுதான். வாடல் நோய் வந்தால் இலையில் கரும்புள்ளி தெரிந்து, இரண்டு மூன்று வாரத்தில் பத்து வயசுக் கொடி வேரோடு போய்விடும். வந்தபின் காப்பாற்றிய கொடியை நான் பார்த்ததில்லை. தரையில் படரும் ஓடுகொடிகளை அறுத்து, அடியில் தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் எடுத்து, தொழுவுரத்தோடு டிரைக்கோடெர்மா கலந்து வைத்து, போர்டோ கலவை அடிப்பது வழக்கம். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தத் தண்ணீரைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றினால் கலவை கெடும். தீட்டிய அரிவாள் நுனியை ஒரு நிமிஷம் முக்கி எடுத்தால் செம்பு நிறம் ஒட்டக்கூடாது. ஒட்டினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கலக்கிய அன்றே அடித்து முடித்துவிட வேண்டும். கொடியடியில் மண்வெட்டி போடக்கூடாது என்பது கூலிக்கு வரும் ஆட்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது. காயம்பட்ட வேர் வழியாக நோய் சுலபமாக உள்ளே போகும்.

இத்தனையும் செய்து வைத்ததை ஒரே இரவில் சாய்க்கிற காற்றும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் திண்டுக்கல் மாவட்டத்தைக் கடந்தபோது கீழ்மலையில் சில்வர் ஓக் மரங்கள் சரிந்தன. மரம் விழுந்தால் கொடி மட்டும் போவதில்லை. அடியிலிருந்த காபியும் நசுங்கும். புது மரம் கொடியைத் தாங்கும் பருவத்துக்கு வருவதற்குள் வருஷங்கள் ஓடிவிடும். எங்கள் தோட்டத்தில் பலாவும் காட்டுமரங்களும் நின்ற பக்கம் சேதம் குறைவு. ஒரே மரமாக நட்டால் வேலை சுலபம்தான். கலந்து நட்டால் மிச்சம் இருக்கும்.

தை பிறந்ததும் பறிப்புப் பேச்சு ஆரம்பிக்கும். சரத்தில் ஒன்றிரண்டு மணி பழுத்துச் சிவந்தால் அந்தக் கொடி பறிக்கத் தயார். முன்னாலேயே பறித்தால் மணிக்குள் சதைப்பிடிப்பு இருக்காது. காய்ந்ததும் பொக்கு மிளகாகும், நூறு கிலோவுக்கு முப்பது தேறினாலே பெரிசு. இது தெரியாத விவசாயி யாரும் இல்லை. ஆனாலும் முன்னாலேயே பறிக்கிறார்கள். குரங்கும் பறவையும் ஒரு காரணம். இரவுத் திருட்டு இன்னொரு காரணம். ஏணி ஆள் அந்த வாரம்தான் கிடைப்பார் என்பது மூன்றாவது. அட்வான்ஸ் கொடுத்த வியாபாரி அவசரப்படுத்துவது நான்காவது. குட்டைக் கொடி வைத்திருப்பவனுக்கு இதில் ஒரு வசதி. பழுத்த மரத்தை மட்டும் வீட்டு ஆட்களே பறித்துவிட்டு, மீதியை அடுத்த வாரத்துக்கு விட்டுவைக்கலாம்.

பறித்த சரத்தை ஒரு ராத்திரி மூடிவைத்து, மறுநாள் காலில் மிதித்து உதிர்ப்போம். இப்போது சிறிய உதிர்ப்பு மிஷின் வந்துவிட்டது. உதிர்த்த மணியை மூங்கில் கூடையில் அள்ளி, கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிஷம் முக்கி எடுத்துக் காயப்போட்டால் ஒரே சீராகக் கறுக்கும். தூசியும் கிருமியும் போகும். இல்லாவிட்டால் ஒரு வாரம் இழுக்கிற காய்ச்சல் மூன்று நான்கு வெயிலில் முடிந்துவிடும். மலையில் மாசி மாதத்து மத்தியானம் மேகம் ஏறும் என்பதால் இரண்டு நாள் மிச்சமாவது பெரிய விஷயம். தரையில் கொட்டாமல் தார்ப்பாயில் போட வேண்டும். பதினொரு சதவீத ஈரத்துக்குக் காய்ந்த மிளகைக் கையில் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரும், கடித்தால் பட்டென்று உடையும். அதன்பின் என் மனைவி முறத்தை எடுப்பாள். பொக்கு தனி, காம்பு தனி, பொடி தனி. பொக்குக்கும் ஒரு விலை உண்டு. அவள் புடைக்கும் நாட்களுக்குக் கூலி போட்டால் கிலோவுக்கு இன்னும் சில ரூபாய் அடக்கம் கூடும். எந்த ஆய்வுத் தாளிலும் அந்தக் கட்டம் இருந்து நான் பார்த்ததில்லை.

புடைத்த மிளகுக்கு லிட்டர் எடை நிற்கும். வியாபாரி லிட்டர் படியில் அளந்து தராசில் வைப்பார். 550 கிராம் நின்றால் முதல் தரத்து எடை. 500 நின்றால் சந்தை விலை. அதற்கும் கீழே போனால் அவர் சொல்வதுதான் விலை. எங்களுக்கு விலை வருவது கொச்சியிலிருந்து. இப்போது காலையிலேயே போனில் தெரிந்துவிடுகிறது. ஆனாலும் கடை வாசலில் பேச்சு பழைய மாதிரிதான்.

“வெயில் பத்தலையேண்ணே. மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிச்சிருவோம்.”

“ஈரம் பாக்குற மிஷின் வச்சிருக்கீங்கல்ல, போட்டுப் பாருங்க.”

“மிஷினு எதுக்கு? கைக்குத் தெரியாதா?”

கைக்குத் தெரியும்தான். அவர் கைக்கும் தெரியும், என் கைக்கும் தெரியும். மூட்டையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போக முடிந்தவனிடம் பேச்சு வேறு மாதிரி முடியும். அன்று சாயங்காலம் கூலி கொடுக்க வேண்டியவன் இரண்டு கிலோவை விட்டுவிட்டு வருவான். நாலைந்து பேர் சேர்ந்து இருபது மூட்டையாக வத்தலக்குண்டுக்கு இறக்கிய வருஷங்களில் வியாபாரி எங்களிடம் விலை சொல்லவில்லை, என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

மிளகில் உள்ள பெரிய வசதி, அது கெடாது. தக்காளியும் வாழையும் பறித்த வாரமே விற்றாக வேண்டும். நன்றாகக் காய்ந்த மிளகைப் பாலித்தீன் உறையிட்ட சாக்கில் கட்டி, ஈரம் ஏறாமல் பலகைமேல் அடுக்கினால் வருஷக்கணக்கில் நிற்கும். வங்கியில் போட்ட பணம் மாதிரி, வேண்டும்போது எடுக்கலாம். 2014 முதல் 2016 வரை கிலோ 600, 700 என்று போனது. அதன்பின் இறங்கத் தொடங்கியது. 2017 டிசம்பரில் கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த விலையில் இறக்குமதி கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. அப்படியும் இரண்டு வருஷத்தில் விலை 300-ஐ ஒட்டி வந்து நின்றது. பிறகு மெல்ல ஏறி 2024-இல் 600-ஐத் தாண்டியது. இந்த ஏற்ற இறக்கத்தை எங்களால் மாற்ற முடியாது. எந்தப் படியில் நின்று விற்பது என்பதை மட்டும் கொஞ்சம் தேர்ந்தெடுக்கலாம். அதுவும் கையில் மிளகு இருந்தால்.

மாசியில் அது கையில் நிற்பதில்லை. பறிகூலியை வாராவாரம் சனிக்கிழமை கொடுக்க வேண்டும். தை, மாசி, பங்குனி கல்யாண மாதங்கள். கோயில் திருவிழாவும் அப்போதுதான். ஊரே விற்கிற மாதத்தில் நாமும் விற்கிறோம். பலபேர் ஐப்பசியிலேயே அட்வான்ஸ் வாங்கி, கொடியில் இருக்கும்போதே காயைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே பறிகூலியைக் குறைப்பதும் மாசியில் விற்காமல் இருப்பதும் ஒரே காரியம்தான். இதில் எங்களுக்குக் கைகொடுப்பது காபி. அராபிகா கார்த்திகை மார்கழியில் பழுத்து முடியும்; பணம் தையில் வரும். அந்தப் பணத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்து மிளகுப் பறிகூலிக்குக் கொடுப்போம். காபிப் பணத்தில் மிளகை இறக்கி, மிளகை ஆனிக்கு, ஆவணிக்கு நிறுத்துவது. ஒரு பங்கைப் பள்ளிக்கூடம் திறக்கும்போது விற்போம், ஒரு பங்கைத் தீபாவளிக்கு முன்னால். முடிந்தால் ஒரு பங்கு அடுத்த வருஷத்துக்கு. எல்லா வருஷமும் இது நடக்கவில்லை. காபி பொய்த்த வருஷம் மிளகும் மாசியிலேயே போயிருக்கிறது.

வியட்நாமின் மத்திய மேட்டுநிலத்தில், ஜியா லாய், டாக் லாக் மாகாணங்களில், கான்கிரீட் தூணில் மிளகு ஏற்றி ஹெக்டேருக்கு இரண்டு டன்னுக்கு மேல் எடுக்கிறார்கள். இந்தியாவில் அதில் கால் பங்கைக்கூட எட்டுவதில்லை. வியட்நாம்காரர்களின் உழைப்பையும் நுணுக்கத்தையும் மதிக்கிறேன். ஆனால் அங்கேயும் விலை உச்சத்தில் இருந்தபோது கடன் வாங்கித் தூண் நட்டவர்கள், 2016-க்குப்பின் விலை சரிந்து கொடியும் நோயில் செத்தபோது வட்டி கட்ட முடியாமல் தோட்டத்தை விட்டு வேலை தேடிப் போனார்கள். மகசூல் அவர்களைக் காப்பாற்றவில்லை. விலை ஏறும்வரை காத்திருக்கக் கடன் அவர்களை விடவில்லை.

இப்போது விலை நன்றாக இருப்பதால் கீழ்மலையில் மறுபடி நாற்றுக்கு அலைகிறார்கள். பெங்களூரிலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்த இளைஞர்களும் ஏக்கருக்கு 400 கொடி நடலாமா என்று கேட்கிறார்கள். நடலாம், மண்ணும் மழையும் இடம் கொடுக்கும். நான் கேட்பது வேறு. அந்த 400 கொடியும் ஒரே வருஷம் காய்த்து, விலை 300-இல் நின்றால், பறிகூலியைக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் மூட்டையைக் கட்டி வைக்க உங்களிடம் வேறு வருமானம் இருக்கிறதா? இருந்தால் 400 நடுங்கள். இல்லையென்றால் நூறு நட்டு, மீதி இடத்தில் காபியும் வாழையும் வையுங்கள். அந்த நூறும் இருபது அடிக்கு மேல் போக வேண்டாம்.